மாதம் ஒரு பை

பெரிட்டின் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
வேறு யாருடையதோ வந்துவிட்டதென்று.
பேர் என்னுடையதுதான். மாதம்மாள், ஐம்பத்தாறு,
கிராம சுகாதார செவிலியர், இண்டூர்.

இருபத்தேழு வருஷமாக
இல்லாமையைத்தான் எழுதியிருக்கிறேன்.
எட்டு. ஏழரை. ஆறு புள்ளி இரண்டு.
கீழ் இமையை இழுத்தால் சுண்ணாம்பு வெளுப்பு.
அதிகம் என்றொரு கட்டம்
என் பதிவேட்டில் கிடையாது.

டாக்டர் ஹபீபா சின்னப் பெண்,
என்னிடம் தடுப்பூசி போட்டு வளர்ந்த வயசு.
"உடம்புக்குள்ள இரும்பு வர வழி இருக்கு,
போக வழி இல்லக்கா.
பொம்பளைக்கு மாசாமாசம் ஒரு கதவு திறக்கும்.
உங்களுக்கு அது மூடி ஆறு வருஷம்."

அந்தக் கதவு மூடியது உறுதியான அன்று
தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு கிலோ மல்கோவா வாங்கி
ஒருத்தருக்கும் கொடுக்காமல் தின்றேன்.

"நெஞ்சுக்கு ஆகாதா?"
"சர்க்கரை இருக்கு. பிரஷர் இருக்கு. கொழுப்பு இருக்கு.
இது நாலாவது ஆளா, இல்ல
அந்த மூணு பேரும் பண்ணினதுக்கு வெறும் சாட்சியான்னு
பெரியவங்களுக்குள்ள இன்னும் சண்டை."
"துருவா டாக்டர்?"
"அப்படியும் சொல்லலாம்.
சொல்லாமலும் இருக்கலாம்."

எங்கள் ஜில்லாவில் மிஞ்சுவது பல்லில் தெரியும்.
போர்த் தண்ணீர் குடித்துக் குடித்து
காவிக் கோடு விழுந்த சிரிப்பு தெருவுக்குத் தெரு உண்டு.
இது அப்படியில்லை.
ஈரலில், இதயச் சதையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
தாள் சொன்னால்தான் உண்டு.

"இரும்பு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"
அங்கேதான் எனக்கு வாய் அடைத்தது.

நாத்தம் என்பாள் ஒருத்தி.
வெளிக்குக் கறுப்பாப் போவுது என்பாள்.
பிள்ளை பெருத்துப் போவுமாமே என்பாள், மாமியார் சொன்னதாக.
முகம் திருப்பிய ஒவ்வொருத்தி முன்னாலும்
இதோ பார் என்று
ஒன்றைப் பிதுக்கி நானே விழுங்கியிருக்கிறேன்.
நாளுக்கு ஒன்று. சில நாள் மூன்று.
கோடுபோடாத கணக்கு.
"அதனால மட்டும் இவ்வளவு வராது" என்றாள் ஹபீபா.
தேற்றினாளா, சொன்னாளா, தெரியவில்லை.

இனி சாப்பாட்டோடு டீ குடிக்கலாமாம்.
கீரைமேல் எலுமிச்சை பிழியக் கூடாதாம்.
ஊரெல்லாம் நான் சொன்னதை
எனக்கே தலைகீழாகச் சொல்கிறாள்.
அப்புறம், மாதம் ஒரு பை ரத்தம் எடுத்துக் கொட்ட வேண்டும்.

ஐம்பத்தாறில் மறுபடி மாதக் கணக்கு.
காலண்டரில் செவ்வாய்க்கிழமையைச் சுற்றி
பென்சிலால் வட்டம் போட்டேன்,
பதிமூணில் போட்டதுபோல, யாரும் பார்க்காமல்.

முதல் செவ்வாய் தீர்த்தாவையும் கூட்டிப்போனேன்.
ஏழாம் மாதம். எட்டு புள்ளி ஒன்று.
ஒரே பஸ், ஒரே ஆஸ்பத்திரி,
அவளுக்கு ஏற்ற, எனக்கு இறக்க.
கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து
பை உப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"இத எனக்கே ஏத்திரக் கூடாதாக்கா?"
"சர்க்கரை மருந்து தின்ற ரத்தம்டி. வாங்க மாட்டாங்க."
"அப்ப எங்க போவும்?"
"அந்த மஞ்சள் கூடைக்கு."
காலால் மிதித்தால் வாய் திறக்கும் கூடை.
ஒருதரம் எழுந்து போய் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி நீட்டினேன், வழக்கம்போல.
அவளும் வழக்கம்போல,
"மொதல்ல நீங்க ஒண்ணு போடுங்க."
இடது கையில் ஊசி.
வலது உள்ளங்கையில் சிவப்பு மாத்திரை,
வியர்வையில் சாயம் விட்டுக்கொண்டு.
"நான் போட்டாச்சு" என்றேன்.
"எப்ப?"
குழாயைக் காட்டினேன்.

சிரித்தாள். பல்லில் காவிக் கோடு.
மாத்திரையை எடுத்தாள், பாட்டிலைத் திறந்தாள்.
விழுங்கினாளா, கன்னத்தில் ஒதுக்கினாளா,
சரியாக அந்த நேரம் பார்த்து
எனக்குத் தலை சுற்றிக் கண் மங்கியது.