தண்ணீர் போன வழி

வாலிநோக்கம் உப்பளத்தைத் தாண்டும்போது
முள் சிவப்பைத் தொட்டது.
ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன்.
மூடியில் கை வைக்கவில்லை.
போன வைகாசியில் வைத்த கை
மணிக்கட்டில் இன்னும் வெளிறிக் கிடக்கிறது.

பக்கத்து இருக்கையின் காலடியில்
தெர்மக்கோல் பெட்டி, பதினெட்டு கிலோ நீலநண்டு.
பத்தரைக்குள் மண்டபம் கம்பெனியில் எடை போட்டாக வேண்டும்.
பெட்டிக்குள் கால்கள் உரசும் சத்தம்.
எஞ்சினுக்குள் சூடு இறங்கும் டிக், டிக்.
எது முதலில் அடங்கும் என்று
கருவேல நிழலில் நின்று கேட்டேன்.

தினமும் ஒரு லிட்டர்.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கும் தண்ணீரில்
சோற்றுக்கு அளந்ததுபோக இதற்கும் அளந்தேன்.
கிணற்று நீரை ஊற்றினால்
ரேடியேட்டர் உப்புப் பூத்துவிடும்.

குடித்ததெல்லாம் எங்கே போகிறது?
ராத்திரி எஞ்சினுக்கு அடியில் செய்தித்தாள் விரித்தேன்.
கடலோர மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு என்ற பக்கம்
காலையில் மொறமொறவென்று கிடந்தது.

அண்ணன் சொன்னான், நீ ஓட்டுற லட்சணம்.
ஐஸ் லாரி பிரிட்டோ சொன்னான், ஹெட் கேஸ்கெட்.
மூடியை மாற்றினேன். ஹோஸை மாற்றினேன்.
தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் சட்டியில் போட்டுப் பார்த்தேன்,
ஒழுங்காக வாய் திறந்தது.
கேஸ்கெட் என்றால் பன்னிரண்டாயிரம்.
அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல்
தினமும் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பேன்,
பால் டீ நிறம் ஏறிவிட்டதா என்று.
கறுப்பு.
கறுப்பைப் பார்த்து இவ்வளவு நிம்மதியடைந்தவள்
இந்தக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலையும்
ஆறிய எஞ்சினுக்குக் கவிழ்த்துவிட்டு
பெரியபட்டினம் வரை முப்பதில் உருட்டினேன்.

மீராசா எதுவும் சொல்லவில்லை.
ரேடியேட்டர் கழுத்தில் பம்பை மாட்டி அடித்தார்.
பதிமூன்று.
பீடி பற்ற வைத்தார்.
பன்னிரண்டு. பதினொன்று.
அடியில் ஒரு சொட்டு இல்லை.
"வெளிய போகல. உள்ளதான் எங்கயோ."
பெட்டியை இறக்கச் சொன்னார். மிதியடியைப் புரட்டினார்.
சொதசொதவென்று பச்சை.

"ஐஸ் தண்ணி அது. நண்டுப் பெட்டி கசியும்" என்றேன்.
விரலில் தொட்டுத் தேய்த்தார்.
"ஐஸ் தண்ணி வழுக்குமா, சீலியக்கா?"
முகரச் சொல்லி நீட்டினார்.
நண்டு வாடைக்கும் அடியில், மெல்லிசாக,
கெட்டுப்போன சர்பத்.

விடிகாலைக் கண்ணாடியில் படிந்ததை
கடல்பனி என்று துடைத்திருக்கிறேன்.
துடைக்கத் துடைக்கப் பிசுக்காய் இழுத்தது,
உப்புக்காற்று என்றேன்.
எறும்பு சாரை வைத்தது, பிஸ்கட் தூள் என்றேன்.
எதைக் கேட்டாலும் இந்தக் கரை
கையில் ஒரு பதில் வைத்திருந்தது.

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு
"ஹீட்டர்" என்றார்.
"என்னது?"
"ஹீட்டர்க்கா. குளிருக்கு."
கடைப் பையன் சிரித்தே விட்டான்.
உச்சி வெயிலில் தகரக் கூரை டொக்கென்று விரிந்தது.
மீராசா எழுந்து போய் நம்பர் பிளேட்டைத் தட்டினார்.
டி.என். 43. ஊட்டி வண்டி.

ஆறு வருஷமாக ஓட்டுகிறேன்.
அந்தச் சிவப்புக் குமிழை ஒருநாளும் நகர்த்தியதில்லை.
வால்வு பாதி திறந்தபடி இறுகிக் கிடந்திருக்கிறது.
யாரோ ஒருவருடைய குளிருக்கு
நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு ஹோஸையும் பிடுங்கி
ஒரு வளைகுழாயில் ஒன்றோடொன்று கோத்தார்.
கூலியோடு நானூறு.
மறுபடி அடித்தார். பதிமூன்று.
பீடி முழுசாக எரிந்து முடிந்தது. பதிமூன்று.

நண்டில் மூன்று கிலோ செத்திருந்தது.
கம்பெனியில் கழித்துக்கொண்டார்கள்.

இப்போதும் ராத்திரி செய்தித்தாள் விரிக்கிறேன்.
அடியில் ஒன்று.
உள்ளே, பக்கத்து இருக்கையின் காலடியில்,
இன்னொன்று.