நாற்பத்தொரு டிகிரி

காலை ஆறரை.
ஐஸ்லாந்தின் மேற்கு மூலையில்
இருட்டு இன்னும் எழுந்து போகவில்லை.
வெந்நீர்த் தொட்டியில் ஐந்து தலைகள்,
தலைக்கொரு கம்பளித் தொப்பி,
தொப்பிமேல் பனி.
கழுத்துக்குக் கீழே நாற்பத்தொரு டிகிரி,
மூக்கு நுனியில் மைனஸ் ஆறு.
இந்த நிலையில் மனுஷருக்குப் பொய் வராது,
அதிலும் சினிமாவைப் பற்றி.

ஹல்பெரா ஆரம்பிக்கிறாள்.
மீன் ஆலையில் கணக்கு எழுதுகிறவள்,
வெள்ளிக்கிழமை பார்த்தது பேய்ப்படம்.
"பேய் பரவாயில்லை.
மூணு மாசமா வீடு பூரா விளக்கு எரியுது,
கரண்ட் பில்லை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கல.
எனக்குக் குலை நடுங்கினது அங்கேதான்."

தபால்காரர் ஓட்கெய்ர் பார்த்தது காதல் படம்.
அழுதது இரண்டு தடவை,
ஒப்புக்கொண்டது ஒன்று.
ரயிலில் சந்தித்தார்களாம், ரயிலிலேயே பிரிந்தார்களாம்.
இந்த நாட்டில் தண்டவாளம் என்பதே கிடையாது,
மறுத்துப் பேச எவருக்கும் தகுதியில்லை.
"நம்ம பஸ்ஸில் இதெல்லாம் நடக்குமா?"
"நம்ம பஸ்ஸை ஓட்டுறது உன் மச்சான்.
அவன் கண்ணாடியில் பார்த்துக்கிட்டே இருப்பான்."

பெர்க்ஸ்டெய்ன் பள்ளியில் வேதியியல் வாத்தியார்.
ராக்கெட் படத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போனவர்.
"செவ்வாய்க் கிரகம்னு காட்டினது
எங்க சித்தப்பா நிலம்.
நாற்பத்திரண்டாவது நிமிஷம், இடது ஓரம்,
அவர் ஆடு ஒண்ணு தலையை நீட்டுது."
"ஆடு எப்படி நடிச்சிருக்கு?"
"மத்தவங்களைவிட."

ஸைஉன் எந்தத் துப்பறியும் படத்திலும்
பாதியில் தூங்கிவிடுவாள்.
எழுந்ததும் கொலைகாரன் டாக்டர் என்பாள்.
இந்தப் படத்தில் டாக்டரே இல்லை என்று
நான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.
"ஏன் இல்லை? அதைத்தான் யோசிக்கணும்" என்றாள்.

நான் குளத்துக் காவல்.
சினிமா நேரமெல்லாம் என் ஷிப்ட்.
குளோரின் தாளை நீரில் நனைத்துக்கொண்டே
இவர்கள் சொன்னதை ஒட்டி ஒட்டி
என்னிடம் ஒரே ஒரு படம் இருக்கிறது:
எல்லா விளக்கும் எரிகிற ரயிலொன்று
செவ்வாயில் போகிறது,
ஜன்னலோர இருக்கையில் ஆடு,
டாக்டர் ஏறவேயில்லை.

கெத்தில் மட்டும் இதுவரை வாயைத் திறக்கவில்லை.
இருபத்தொன்பது வருஷம் இழுவைப் படகில் இருந்தவர்.
புயல் படத்துக்குப் போனார்,
இடைவேளையோடு வெளியே வந்து
வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது
ஊருக்கே தெரியும்.

"நல்ல படம்தான்" என்றார்.
"அலை சரி. இரும்பு முனகுற சத்தம் சரி.
ஆனா விழுந்தவன் கத்துறான்."

பனி விழுந்தது.

"கத்த மாட்டாங்க."

வடிகட்டி இயந்திரம் அதுபாட்டுக்கு ஓடியது.
யார், எந்த வருஷம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஹல்பெரா தன் இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்தாள்.
சூடான நீர் பீய்ச்சும் துளை அந்த இடத்தில்தான்,
தொட்டியிலேயே நல்ல இடம்,
அதற்காகவே ஆறு மணிக்கு வந்து நிற்கிறவள்.
கெத்தில் ஒன்றும் சொல்லாமல்
தோளை அங்கே கொண்டுபோய் வைத்தார்.

ஓட்கெய்ருக்குத்தான் பொறுக்காது.
"இடைவேளைக்கு அப்புறம் என்னன்னு சொல்லட்டுமா?"
ஸைஉன் தண்ணீருக்கடியில் அவரை மிதித்தாள்,
எனக்கு மேலிருந்து தெரிந்தது.

"பிழைச்சானா?" கெத்தில்.

"பிழைச்சான்."

தலையை முழுசாக நீருக்குள் முக்கினார்.
எண்ணினேன், என் வேலை அது.
ஏழு, எட்டு.
தொப்பி மட்டும் மிதந்து
என் கால் பக்கம் வந்தது.
பதினொன்றில் மேலே வந்தார்,
முகத்தை வழித்துவிட்டுச் சொன்னார்:

"அஞ்சுக்கு மூணு."

"ரொம்ப ஜாஸ்தி" என்றார் பெர்க்ஸ்டெய்ன்.
உடனே சண்டை தொடங்கியது.
தொப்பியை வலையால் எடுத்துப் பிழிந்து
உள்ளே ஹீட்டர்மேல் போட்டேன்.
வாசல் பலகையில் நேற்றைய எண்ணை அழித்து
இன்றையதை எழுதினேன்,
அதே நாற்பத்தொன்று.