நாற்பத்து மூன்றாவது டயர்

ஞாயிறு காலை ஆறே கால்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து
சீருடைக்கு மேல் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு
நேராக இங்கேதான் வருகிறேன்.
வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவேன்,
தூங்கினால் எழும்ப மாட்டேன்,
என்னை எனக்குத் தெரியும்.

அடிவாரத்துக் குழாயடியில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் தியோ.
யாரோ குடித்துப்போட்ட ஒன்றரை லிட்டர் போத்தல்களைக்
கழுவி, நிரப்பி, மூடி திருகி
வரிசையாக அடுக்கி வைப்பார்.
ஏறுகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போகலாம்.
மூன்றாவது கொட்டகையில் ரொஹானி அக்கா
அதைத்தான் கொதிக்க வைத்துத் தேநீர் போடுகிறாள்.
சட்டம் ஒன்றும் இல்லை.
வெறுங்கையோடு வந்தவருக்கும் தேநீர் உண்டு,
சீனிதான் குறையும்.

நான் இரண்டு எடுப்பேன்.
ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது.
முழங்காலில் இரும்பு வைத்த பிறகு
அவருக்கு இந்த நாற்காலி வரைக்கும்தான் மலை.

பதினொரு வருஷத்துக்கு முன்
இந்தச் சரிவில் படி போட்டவர் அவர்.
ஜெலுத்தோங் பட்டறையிலிருந்து பழைய டயர்களை
மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து
ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டி ஏற்றி
மண் நிரப்பி, மிதித்து, மிதித்து
அறுபத்தெட்டு படிகள்.

"நாப்பத்து மூணு, ஆடா லாகி?"
இறங்கி வரும்போதெல்லாம் கேட்பார்.
மற்ற அறுபத்தேழைப் பற்றிக் கேட்டதே இல்லை.
அந்த இடத்தில் ஊற்று இருக்கிறது,
அந்த ஒரு டயரை மட்டும் மூன்று தடவை வைத்தாராம்.
"ஆடா, அங்கிள்" என்பேன்.
அப்போது அது இருந்தது.

அக்டோபரில் ஐந்து நாள் விடாத மழை.
ஆறாம் நாள் ஞாயிறு.
நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவே
சிவப்பாக ஒரு வாய் திறந்திருந்தது.
டயர் கீழே மூங்கில் புதரில்.
ஒரு குரங்குக் குட்டி அதற்குள் உட்கார்ந்து
யாருடைய ரொட்டியையோ தின்றுகொண்டிருந்தது.
எல்லோரும் தாவினார்கள்.
நான் விழுந்தேன்.

"ஆடா லாகி?"
"ஆடா."
தலையாட்டினார். மூடி திருகினார்.

அடுத்த ஞாயிறும் ஆடா.
அதற்கடுத்த ஞாயிறும் ஆடா.
ஒன்றரை லிட்டர் தண்ணீர்கூடப்
பாதி வழியில் கைக்கு மறந்துபோகும்.
இது மறக்கவில்லை.

நான்காவது ஞாயிறு டயரோடு போனேன்.
தம்பி காரில் கழற்றியது,
கம்பி வெளியே தெரிகிற மொட்டை டயர்.
அவர் கண்ணில் படாமலிருக்க
அணைக்கட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு.
தலையில் விளக்குக் கட்டிய ஒரு பையன்
என்னைப் பார்த்தான், டயரைப் பார்த்தான்,
பேசாமல் மறுபக்கம் பிடித்தான்.
பெயர் கேட்கவில்லை.
இந்த மலையில் யாரும் கேட்பதில்லை.

ரொஹானி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு
மண்வெட்டியோடு இறங்கி வந்தாள்.
"ஊத்தை அடைக்காதே, அடைச்சா தள்ளும்.
ஓரமா வழி விடு."
கல் பொறுக்கி, சின்னதாக ஒரு வாய்க்கால்.
மண் போட்டு மூன்று பேரும் மிதித்தோம்.
ஷிஃப்ட் சப்பாத்து நாசம்.

தேநீர் குடித்துவிட்டுக் கீழே வந்தேன்.
முதல் தடவையாக, அவர் கேட்க வேண்டுமென்று நின்றேன்.
அவர் கேட்கவில்லை.
போத்தல் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி
"இடப்பக்கம் சாஞ்சிருக்கும்" என்றார்.

எப்படி, என்றேன்.

"மூணு வாரமா இறங்கி வர்றவங்களுக்கெல்லாம்
வலது முழங்கால்ல சிவப்பு மண்ணு.
இன்னைக்கு முழங்கால் சுத்தம்,
இடது சப்பாத்துலதான் இருக்கு."

அந்தச் சிவப்பு வேறெங்கும் கிடையாது, இந்தச் சரிவில்.
மூன்று வாரமும் அவர்
என் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது
இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

குழாயைத் திறந்துவிட்டார்.
"கழுவிட்டுப் போ. பஸ்ல ஏத்த மாட்டான்."

தண்ணீர் சிவப்பாக ஓடி
நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு போனது.
இடப்பக்கம் அடியில்
ஒரு கல் கொடுக்க வேண்டும்.
அடுத்த ஞாயிறு,
மழை இல்லாவிட்டால்.