மூன்றாம் பூச்சு

முதல் தடவை ஓட்வார் வந்தபோது
நான்தான் திருப்பி அனுப்பினேன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாட்சோ. நார்வேயின் வடகோடி.
மருத்துவ நிலையத்தின் இரண்டாம் மாடி.
நவம்பர், பகல் இரண்டு மணிக்கே இருட்டு.
அவன் மேல்சட்டையில் டீசல், நண்டு வாடை,
எல்லாவற்றுக்கும் மேலே சாராய நெடி.
“குடியை நிறுத்திவிட்டு வா” என்றேன்,
“அப்புறம் மனசைப் பார்க்கலாம்.”

கீழ்மாடியில் போதை மீட்புப் பிரிவு.
அங்கே சொன்னார்களாம்:
“மனசைச் சரிசெய்துகொண்டு வா,
அப்புறம் குடியைப் பார்க்கலாம்.”

இரண்டு கதவுக்கும் நடுவே பதினெட்டுப் படி.
மூன்று குளிர்காலம்
அந்தப் படிகளில்தான் அவன் குடியிருந்தான்.

பிறகு ஒருநாள் ஏதோ படிவத்தில் கையெழுத்துக்காக
அவன் தங்கை ரன்வெய்க் வந்தாள்.
போகிற போக்கில் சொன்னாள்:
“ஜூனில் படகுக்கு மூன்று தரம் சாயம் அடித்தான்.
நீலம், அது காய்வதற்குள் சிவப்பு,
அதன்மேல் மறுபடி நீலம்.
ஒன்பது ராத்திரி தூங்கவில்லை,
ராத்திரி என்று ஒன்று இருந்தால்தானே அந்த மாசத்தில்.
இல்லாத பணத்துக்கு எண்பது நண்டுக் கூண்டு வாங்கினான்.
ஒன்றுகூடத் தண்ணீரில் இறங்கவில்லை.”

வழக்கம்போலக் கேட்டேன்: எவ்வளவு குடித்திருந்தான்?

“ஒரு சொட்டு இல்லை. மே தொடங்கி.”

பேனா நின்றது.
மூன்று வருஷமாக நான் மூக்கால் மட்டுமே
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மீனவர் சங்கம் கொடுத்த பழைய நாட்காட்டியை
மேசையில் விரித்து மூவரும் குனிந்தோம்.
குடித்த நாளுக்குக் கறுப்புப் புள்ளி.
தூங்காத நாளுக்கு மஞ்சள்.
படுக்கையை விட்டு எழாத நாளுக்கு?
“ஒன்றும் போடாதே” என்றான், “காலியாவே விடு.”

மஞ்சள் முன்னே ஓடியது.
அதன் பின்னால் காலி, காலி, காலி,
அந்தக் காலியின் மேல் எறும்பு மொய்த்ததுபோல் கறுப்பு.
எல்லாப் பக்கமும் அப்படியில்லை.
சில மாதங்களில் எது முந்தி எது பிந்தி என்றே தெரியவில்லை.
நான் ஜனவரியைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.
“கயிறு சிக்கினா நுனியைத் தேட மாட்டோம்” என்றான்,
“கைக்குக் கிடைச்ச முடிச்சிலேருந்து பிரிப்போம்.
இல்லேன்னா அலை வந்துடும்.”

மறுநாள் பதினெட்டுப் படி இறங்கினேன்.
ஹல்கெய்ரும் நானும் பன்னிரண்டு வருஷமாய்
ஒரே கேன்டீனில் காபி குடிப்பவர்கள்.
கால்பந்து பேசியிருக்கிறோம்,
அவன் விவாகரத்தைக்கூடப் பேசியிருக்கிறோம்.
ஒரு நோயாளியைப் பற்றிச் சேர்ந்து பேசியதில்லை.

கை நடுங்கிய ஆறு நாள் அவர்கள் வார்டில் படுக்கை,
தினமும் நான் இறங்கிப் போனேன்.
பிறகு லித்தியம், ரத்தப் பரிசோதனை,
தூக்கத்துக்கு நேரம், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை.
ஒரே கோப்பு. எழுதுவது இரண்டு கையெழுத்து.
“குடித்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை வா”
என்று கோப்பின் அட்டையில் ஹல்கெய்ர் எழுதினான்.
எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. அழிக்கவில்லை.

மார்ச்சில் வந்தான், அதே நெடியோடு.
என் பழைய வாக்கியம்
நாக்கின் நுனிவரை வந்து நின்றது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
அவனே கறுப்புப் பேனாவை எடுத்து
இரண்டு புள்ளி வைத்தான்,
சற்று யோசித்து மூன்றாவதும்.
“தூக்கம்?”
“ஆறு மணி நேரம். நேத்து ஐந்து.”
எழுதிக்கொண்டேன்.

படகு இன்னும் நீலம்தான்.
கயிறு உரசுகிற விளிம்பில் மட்டும்
உள்ளிருக்கும் சிவப்பு தெரிகிறது.
சுரண்டிவிட்டுப் புதிதாய் அடிக்கலாமே என்றேன்.
வேண்டாம் என்கிறான்.
இந்த ஜூனில் வேண்டாம்.