பதிவேட்டு இலக்கம் 6114

பால்மாப் பெட்டி ஒன்றில் வந்தன.
கொண்டுவந்தவர் ஓட்டோவை நிறுத்தாமலே
"வீடு பூசுறம், வைக்க இடமில்ல" என்றார்.

ஆரையம்பதி நூலகத்தில் பெட்டிகளைப் பிரிப்பது நான்.
மேலே நீரிழிவுக்காரருக்கான சமையல்,
அட்டையில் பாகற்காய், உள்ளே சீனி எறும்பு.
தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கணித வினாத்தாள்கள்,
விடைகள் மட்டும் கிழிந்து.
குளுத்திப் பாடல் பிரசுரம் ஒன்று,
ஹஜ் பயணிகளுக்கான கையேடு ஒன்று,
இரண்டும் ஒரே ஈரத்தில் ஊறி
ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக் கிடந்தன.
சவரத் தகட்டால் பிரித்தேன்.
ஒவ்வொன்றிலும் மற்றதன் ஒரு சொல் மிஞ்சியது.

அடியில் அது.
எந்தத் தட்டிலும் நிற்காத உயரம்.
பிரெஞ்சுப் படக்கதை.
வரைந்தவள் சொலான்ழ் பெர்த்தொமியே என்று வாசித்தேன்,
பிழையாகவும் இருக்கலாம்.
சில எழுத்துகளின் மேல் ஈ குந்தியிருந்தது.
ஊதினேன்.
போகவில்லை.

பதிவேட்டில் ஏழு கட்டம்.
'பொருள்' என்ற கட்டத்தை விட்டுவைத்து
மூன்று நாள் பார்த்தேன்.
இரண்டே நிறம்: செங்கல்,
வெள்ளத்துக்கு முதல் நாள் வாவி.
ஒருத்தி ஒரு பெட்டியோடு
கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறாள்.
பெட்டிக்குள் என்னவென்று வரையவில்லை.
மழையை மட்டும் நாற்பது பக்கம்,
ஒரு கோடும் மற்றக் கோட்டைத் தொடாமல்.
'சித்திரம்' என்று எழுதி
வாசிப்பு மேசையில் போட்டேன்.

மறுகா தொடங்கியது பென்சில்.

ஐந்தாம் பக்கக் குமிழியில், பிரெஞ்சின் தலைக்கு மேலே:
"போட்டோக் கொப்பி ரெண்டு வேணுமாம்."
ஒன்பதில், நெட்டைக் கிளார்க்கின் வாயருகே:
"சேர் லீவு."
பன்னிரண்டில் துறைமுகம், காயும் வலை.
அங்கே எவரும் பேச்சு எழுதவில்லை.
வலைமுடிச்சு பிழையென்று
ஓரத்தில் சரியான முடிச்சு, அம்புக்குறியோடு.
பூபாலபிள்ளை அண்ணன்தான்,
பக்கத்தில் ஒரு செதிள் மின்னியது.
காத்தான்குடியிலிருந்து வரும் ஹஸ்னா
நாய்க்கும் வசனம் கொடுத்திருந்தாள்,
கொஞ்சம் நீளமாக.

'புத்தகத்தில் எழுதினால் தண்டம் ஐம்பது ரூபாய்.'
அறிவித்தல் என் கையெழுத்தில்தான் தொங்குகிறது.
அழிறப்பரும் இழுப்பறையில்தான் இருந்தது.

முப்பத்தொன்றாம் பக்கம்.
கண்ணாடித் தடுப்பு,
கீழே ஒரு கை நுழையுமளவு ஓட்டை.
பெட்டி அவள் மடியில்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு குமிழி,
மூன்றே சொல்.
ஆடி வரை அதை யாரும் தொடவில்லை.
ஒரு திங்கட்கிழமை பார்த்தேன், நிரம்பியிருந்தது:
"கிடைச்சா அறிவிப்பம்."

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.
வாசகர் அட்டை புதுப்பிக்க வரும்போது
கணவரின் தொழில் என்ற இடத்தில்
வருடா வருடம் ஒரு கோடு மட்டும் இழுப்பவர்.

புரட்டாதியில் சாந்தரூபன் வந்தான்,
பாரிஸிலிருந்து, லீவில்.
"பிரெஞ்சு தெரியுந்தானே?"
"குசினிப் பிரெஞ்சுக்கா. ஒள்ளுப்பம்."
புரட்டினான்.
ஒரு வெங்காயத்தைக் கண்டுபிடித்தான்.
வாடகை. சாவி.
மற்றதெல்லாம் வேகமாகப் போயின.
முப்பத்தொன்றில் விரல் நின்றது.
பென்சிலை வாசித்தான், பிறகு அதன் கீழிருந்த அச்சை.
"இத நான் கன தரம் கேட்டிருக்கன்" என்றான்,
"விசாக் கந்தோரில.
'நாளைக்கு வாங்க, மேடம்.'"

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
அந்த மூன்று சொல்லில்
ஒரு நாளாவது இருந்தது.
அழிறப்பரை எடுத்தேன், வைத்தேன்.

மார்கழியில் இருப்பெடுக்க வந்த அம்மணி
6114ஐத் தூக்கி, மொழி என்னவென்று கேட்டார்.
பிரெஞ்சு என்று எழுதியிருப்பதைக் காட்டினேன்.
நின்றபடி புரட்டத் தொடங்கி
கதிரையை இழுத்து இருந்தார்.
வெளியே மழை கோட்டை மீறிக் கொட்டியது.
தேத்தண்ணி ஆறி ஆடை படிந்த பிறகு
தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:
"இதுக்கு அடுத்த பாகம் இரிக்கா?"

பெட்டியில் அவ்வளவுதான் என்றேன்.
பாகற்காய்ப் புத்தகத்தை
தன் பெயரில் பதிந்துகொண்டு போனார்.