தாழ்வெட்டு

முப்பத்தொரு கிளிப்.
பிடுங்கப் பிடுங்க எண்ணிக்கொண்டு வந்தேன்.
எஃகுத் தட்டில் விழுந்த ஒவ்வொன்றும்
காலிச் சிரட்டையில் விழுகிற மழைத்துளி மாதிரி
சத்தம் போட்டது.

வலது முட்டின் மேல்
ஒரு சாண் நீளத்துக்கு நேர்க்கோடு.
நான் இப்படி வெட்ட மாட்டேன்.
இடது மேலே, வலது கீழே, சரிவாக,
தடியைத் தொடாமல்
நகக்கனம் பட்டையை மிச்சம் விட்டு;
முப்பத்தெட்டு வருஷப் பால்வெட்டு அப்படித்தான்.
கத்தி தடியில் பட்டால்
முண்டு முண்டாகத்தான் ஆறும்.
அடுத்த சுற்றில் அந்த இடத்தில் கத்தி ஓடாது.

"எலும்பத் தொட்டீங்களா டாக்டர்?"
மார்த்தாண்டத்து டாக்டர் சிரித்தார்.
"தொடுறதா? அறுத்தே எடுத்தாச்சு."
நடுவில் மெத்தையாக வைத்தது ரப்பரா என்று கேட்டேன்.
பிளாஸ்டிக்காம்.
கிலோ என்ன விலை என்று கேட்க வந்த வாயை
அடக்கிக்கொண்டேன்.

பனச்சமூட்டில்
ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம்.
ஷைனியின் பிசியோ அந்தப் பக்கம்,
மீன்கடைக்கு மேல் மாடியில். பன்னிரண்டு படி.
முட்டுக்காரர்களுக்கு மாடியில் கடை போட்ட
மகராசி.

அடுத்த கட்டிலில் வெள்ளறடை ஏலிக்குட்டி.
"என்றெ டாக்டர் தசைய வெட்டவே இல்ல, தாசையன் சேட்டா.
திரைச்சீல போல ஒதுக்கி வெச்சிட்டு
அடியில கூடி கேறினாரு.
அளவெல்லாம் ரோபோட்டு. அரை மில்லி பிசகில்ல."
மகன் குவைத்தில். மூணேகால் லட்சம்.

எனக்கு இன்சூரன்ஸ் கார்டு.
தசையோரம் கிழித்து,
முட்டுச்சில்லை ஒருபக்கம் புரட்டி,
தொடையெலும்புக்குள் கம்பி இறக்கி
கண்ணாலும் கையாலும் அளந்தது.
சொன்னதும் அவள் "அய்யோ" என்றாள்,
பழைய மாடல் போன் வைத்திருப்பவனைப் பார்ப்பது போல.

மூன்றாம் நாளே நீட்டிய காலைத் தூக்கியவள் அவள்.
என் கால் பத்து நாள்
கூப்பிட்டால் திரும்பாத எருமை.

ஆனால் ராத்திரி வலிக்கு அவளிடமும் மருந்தில்லை.
தூங்காத மணிகளை ஒப்பிட்டோம்:
எனக்கு இரண்டு, அவளுக்கு இரண்டரை.
ஒத்தடத்துக்கு ஐஸ் கீழே மீன்கடையிலிருந்து வரும்.
இரண்டு முட்டிலும் ஒரே சாளை நாற்றம்.

கோணமானியோடு வருவாள் ஷைனி.
அறுபத்திரண்டு. எழுபத்தைந்து.
தொண்ணூறில் ஒரு வாரம் சிக்கிக்கொண்டேன்,
கண்ணீர் வரும்வரை மடக்கினாள்.
ஆறாவது வாரம்
ஏலிக்குட்டி நூற்றிப் பத்து.
நானும் நூற்றிப் பத்து.
இன்னொரு தரம் அளக்கச் சொன்னாள் ஏலிக்குட்டி.
அளந்தாள் ஷைனி. நூற்றிப் பத்து.
"எனக்கு மூணேகால் லட்சமாக்கும்" என்றாள் சுவரைப் பார்த்து.
படி இறங்கும்வரை சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தேன்.

சிரிப்பு பாதிப் படியில் நின்றது.
கிளம்பும்போது
கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே ஷைனி சொன்னது:
"குந்தி மட்டும் இருக்கக் கூடாது. இனி எப்பவும்."

புதுமரத்தில் பட்டை நெஞ்சுயரத்தில் தொடங்கும்.
நின்று வெட்டலாம், பீடியைக் கடித்துக்கொண்டே வெட்டலாம்.
வருஷத்துக்கு ஒரு சாண் இறங்கும் வெட்டுக்கோடு.
இடுப்பு. பிறகு முட்டு. பிறகு கணுக்கால்.
இறங்க இறங்க நானும் இறங்கினேன்.
விடியுமுன் முந்நூறு மரம், முந்நூறு குந்தல்.
எந்த டாக்டரும் எந்த முறையில் தேய்ந்தது என்று கேட்கவில்லை.
எந்த முறையில் மாற்றலாம் என்பதில்தான்
அவர்களுக்குள் தர்க்கம்.

ஏழாவது வாரம், மணி ஐந்தாகவில்லை,
கம்பு ஊன்றி மேல்தட்டுக்கு நடந்தேன்.
கனகபாயின் நெற்றி விளக்கு
தாழ்வெட்டு மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கியது.
குந்தினாள். கத்தி சுத்தமாக ஓடியது,
பால் கோடு பிடித்துச் சிரட்டைக்குப் போயிற்று.
மரத்தைப் பிடித்து எழுந்தாள்.

டக்.

"என்னது?"
"சுள்ளி" என்று அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

முந்தின நாள் மழையில்
தரை முழுக்க ஊறிக் கிடந்தது.
முறிகிற பதத்தில் ஒரு சுள்ளியும் இல்லை.