ஊர் எப்படி இருந்துச்சு

பீடோங் பாசார் மாலாமில்
அப்பளம் விற்கிற சரசா அக்கா கேட்டார்.
மீ கோரேங் கட்டித் தருகிறவர்
ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்தபடி கேட்டார்.
கோயில் செயலாளர் வரிப்பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டார்:
ஊர் எப்படி இருந்துச்சு?

எந்த ஊர்?
நான் இருந்தது புனேவுக்கு வெளியே, சாக்கன் பக்கம்,
கம்பெனி விடுதி, மூன்றாம் மாடி, அறை பதினேழு.
கொதிகலன் பயிற்சி, ஆறு மாதம்.
நீராவி, அழுத்தம், வால்வு, தீ.
தமிழ் பேச ஒருத்தர் இல்லை.

செம்பனை ஆலையிலிருந்து அனுப்பும்போது
மிஸ்டர் லிம் சொன்னார்:
உனக்கென்ன தவமலர், சொந்த நாடு.
கூட வருகிற அஸ்மானைத்தான்
கொஞ்சம் பார்த்துக்கொள்,
குரூண் பையன், பாவம், தவித்துப்போவான்.

தவித்தது நான்.
என் முகத்தைப் பார்த்ததும் மராத்தியில் தொடங்குவார்கள்.
விழித்தால் இந்திக்கு மாறுவார்கள்.
அதற்கும் விழித்தால்
திமிர் பிடித்தவள் என்று நகர்ந்துவிடுவார்கள்.
அஸ்மானிடம் மட்டும்
மெதுவாக, கைகளால், சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.
அவன் வெளிநாட்டான்.
எனக்கு அந்தச் சலுகை இல்லை.

பேருந்தில் என்னிடம் வழி கேட்டார்கள்.
எனக்கே தெரியாத வழி.

ஞாயிறுகளில் மொட்டைமாடியில்
அழுத்த அட்டவணையை மடியில் விரித்துவைத்து
நானும் அவனும் சாப்பாட்டைப் பற்றியே பேசினோம்.
நெத்திலி, சம்பால்,
வாழையிலையில் ஒட்டிய தேங்காய்ப்பால் சோறு,
பையில் கட்டிய தே ஓ ஐஸ்.
சூடா மாக்கான்? என்று அவன் கேட்டால்
பசியாறிட்டியா என்றுதான் எனக்குக் கேட்கும்.
இந்தியாவில் இருந்த ஆறு மாதமும்
வீட்டு நினைப்பு எனக்கு மலாயில்தான் வந்தது.
இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

விடுதிக் குழாயில் விடிகாலை ஐந்துக்குத் தண்ணீர் வரும்,
இருபது நிமிடம்.
முதலில் சத்தம் கேட்டவள் கத்த வேண்டும், அது சட்டம்.
பாணி ஆலே!
நாசிக்கிலிருந்து வந்த வெல்டர் ரோகிணி
தூக்கத்திலேயே வாளியை இழுத்துக்கொண்டு ஓடுவாள்.
கீழ்த்தளத்தில் அஸ்மான் அதை வாங்கி
ஆண்கள் வரிசைக்குக் கத்துவான்.
பிழையில்லாமல் நான் பேசிய ஒரே மராத்தி அதுதான்.
நான் கத்தினால் நாற்பது பேர் எழுந்தார்கள்.
அந்த நாட்டில் என் பேச்சை நம்பியது
அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும்.

கொண்டுவந்தது ஒரு சான்றிதழ்,
பிளாஸ்டிக் உறை போட்டது.
நீராவிக் குழாயில் எங்கே கசிகிறது என்று
காதாலேயே சொல்லும் பழக்கம்.
பட்டுச்சேலை வாங்கிவரவில்லை என்று
எதிர்வீட்டு அஞ்சுகம் இன்னும் பாதிப் பேச்சுதான்.

முந்தாநாள் முதல் இங்கே தண்ணீர்த் தடை.
சடக்கோரம் பெரிய குழாய் வெடித்துவிட்டதாம்,
சுங்கைப் பட்டாணி வரைக்கும் இல்லை.
லாரித் தண்ணீருக்கு அண்டா, வாளி, பால் டின்,
பிள்ளைகளின் மிதவைத் தொட்டிகூட வரிசையில் நின்றது.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து
எண்ணெய் நாறும் சட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.
இரவு இரண்டரை.
குழாய் இருமியது.
காற்றை விட்டது.
செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பியது.

யோசிக்கவில்லை.
வாசலுக்கு ஓடிக் கத்தினேன்:
பாணி ஆலே!

அஞ்சுகம் வீட்டில் விளக்கு எரிந்தது.
பாத்தீங்களா, என்றாள் புருஷனிடம்,
ஊருக்குப் போய் வந்ததும் ஊர்ப்பேச்சு ஒட்டிக்கிச்சு.
சொல்லிக்கொண்டே வாளியோடு வெளியே வந்தாள்.
நான் திருத்தவில்லை.
ஒரு வீடு தாண்டி இன்னொரு விளக்கு.
கதவுகள். செருப்புச் சத்தம்.

கைப்பேசி அதிர்ந்தது, குரூணிலிருந்து.
அங்கேயும் தூக்கம் இல்லை போல.
ஆலே?

இன்னும் கலங்கல்தான், தெளியட்டும், என்று எழுதினேன்.
அதை அழித்துவிட்டு
ஈரக் கையோடு அனுப்பினேன்:
ஆலே.